சேவலும் பேடும், எக்ஸும் வையும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைகளுக்குக் கடத்தும் பரம்பரையலகுகள் பற்றி வெளியான கட்டுரையைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தையே சுற்றி வந்தன. ஓர் உயிர் ஆணாகப் பிறப்பதையும் பெண்ணாகப் பிறப்பதையும் எது தீர்மானிக்கிறது என்பதே அது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளோம்.

கேள்வி: மனிதரில் ஆணுக்கு எக்ஸ், வை என்னும் இரு வேறு நிறமூர்த்தங்களும் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்களும் இருப்பதாகப் பாடநூல் கூறுகிறது. கோழியில் இது தலைகீழ் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். ஒரே வேலைக்கு ஏன் இரண்டு முறைகள்?
– உயர்தர மாணவி, நெல்லியடி

பதில்: இரண்டோடு இயற்கை நின்றுவிடவில்லை, ஆயினும் நீங்கள் கேட்ட இரண்டையும் முதலில் பார்ப்போம். நிறமூர்த்தங்கள் என்பவை ஒவ்வொரு கலத்தினுள்ளும் பரம்பரையலகுகளைச் சுமந்திருக்கும் இழைகள். அவற்றுள் ஆண், பெண் என்பதை முடிவு செய்யும் பால் நிறமூர்த்தங்களின் தொழில் முதன்முதலில் தெளிவாகப் பிடிபட்டது மனிதரிலோ கோழியிலோ அன்று, மாவில் விழும் ஒரு வண்டில். 1905 இல் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த நெட்டி ஸ்டீவன்ஸ் அம்மையார் அந்த வண்டினுடைய கலங்களை நுணுக்குக்காட்டியில் வைத்து எண்ணியபோது, பெண்ணில் 20 பெரிய நிறமூர்த்தங்களும், ஆணில் 19 பெரியவற்றோடு மிகச் சிறிய ஒன்றும் இருக்கக் கண்டார். விந்துகளில் ஒரு பாதி பெரியவை பத்தையும், மறுபாதி பெரியவை ஒன்பதோடு அந்தச் சிறியதையும் சுமந்திருந்தமையால், எந்த விந்து முட்டையைச் சேர்கிறது என்பதே குஞ்சின் பாலைத் தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அதே ஆண்டில் எட்மண்ட் வில்சனும் வேறு பூச்சிகளில் இதையொத்ததைக் கண்டார். பாடநூல்களில் வில்சனின் பெயர் முந்திக்கொண்டு நின்றது நியாயமல்ல என்பது என் கருத்து.

இனித்தான் சிக்கல் தொடங்குகிறது. வை இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண் என்று எல்லா உயிர்களுக்கும் விதி எழுத முடியாது. பழ ஈயிலும் ஆணுக்கு எக்ஸும் வையும், பெண்ணுக்கு இரண்டு எக்ஸும்தான் உள்ளன. ஆனால் இரண்டு எக்ஸோடு ஒரு வையையும் தவறிப் பெற்றுவிட்ட ஈ பெண்ணாகவே இருப்பதையும், ஒரேயொரு எக்ஸ் மட்டும் பெற்று வை இல்லாது பிறந்த ஈ மலட்டு ஆணாக இருப்பதையும் கல்வின் பிரிட்ஜஸ் 1916 இல் காட்டினார். ஆகவே பழ ஈயில் எக்ஸின் எண்ணிக்கைதான் கணக்கு. வைக்கு அந்த முடிவில் பங்கில்லை. மனிதரில் இதற்கு நேர்மாறு என்பது 1959 இல் தெரியவந்தது: இரண்டு எக்ஸோடு ஒரு வை பெற்றவர் ஆணாகவும், ஒரேயொரு எக்ஸ் மட்டும் பெற்றவர் பெண்ணாகவும் பிறக்கின்றனர். எழுத்துகள் ஒன்றாக இருந்தும் பொறிமுறை வேறு. தத்துவெட்டியிலோ வை என்பதே கிடையாது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒன்று. அதனால் ஆண் தத்துவெட்டியின் நிறமூர்த்தங்களை எண்ணினால் ஒற்றைப்படையாகவே வரும்.

மனிதருடைய வை நிறமூர்த்தத்தில் அந்த முடிவை எடுக்கும் பரம்பரையலகு எதுவென்பது 1990 இல் லண்டனில் கண்டறியப்பட்டது. அதற்கு எஸ்ஆர்வை என்று பெயர். மறுவருடம் இரண்டு எக்ஸ் கொண்ட எலி முளையங்களில் (கருக்களில்) அந்த ஒரு துண்டை மட்டும் புகுத்தியபோது, அவற்றுள் சில, விந்தை உருவாக்கும் உறுப்பான விதைகளோடு கூடிய ஆண் எலிகளாக வளர்ந்தன. இந்த அலகு அரிதாகச் சில வேளைகளில் தந்தையின் விந்து உருவாகும்போது வையிலிருந்து எக்ஸுக்குத் தாவிவிடும்; அதனால் ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்களில் ஒருவர் இரண்டு எக்ஸ் உடையவராக இருக்கிறார். அதே அலகு வையில் பழுதுபட்டிருந்தால், எக்ஸும் வையும் உடையவர் பெண்ணாக வளர்கிறார். ஆகவே நிறமூர்த்தத்தின் வடிவத்தை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று எண்ணுவது தவறு.

கோழிக்கு வருவோம். சேவலுக்கு இரண்டு இசட் நிறமூர்த்தங்களும், பேட்டுக்கு ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும் உள்ளன. இது மனிதருடையதன் தலைகீழ் வடிவம் அன்று, முற்றிலும் வேறொரு சோடி. கோழியின் இசட்டில் உள்ள பல பரம்பரையலகுகள் மனிதரில் எக்ஸில் இல்லை. பாலோடு தொடர்பற்றதாகக் கருதப்படும் நமது ஒன்பதாம் நிறமூர்த்தத்திலேயே அவை இருக்கின்றன. அவற்றுள் டிஎம்ஆர்டி1 என்னும் அலகு முக்கியமானது. அது இரண்டு பிரதியாக இருந்தால் கோழி முளையத்தில் விதை உருவாகிறது. ஒன்றாக இருந்தால் சூலகம் உருவாகிறது. பாம்புகள் பெரும்பாலானவற்றிலும் பெண்ணே இசட்டும் டபிள்யூவும் உடையது. எனினும் பாம்பின் இசட்டும் கோழியின் இசட்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை அல்ல. வண்ணத்துப்பூச்சியும் பட்டுப்பூச்சியும் அவ்வாறே தனிவழியில் இதே ஏற்பாட்டை அடைந்தவை.

உங்கள் கேள்வியின் 'ஏன்' என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது. பால் நிறமூர்த்தங்கள் எல்லாம் ஒரு காலத்தில் சாதாரணச் சோடிகளாகவே இருந்தன. அச்சோடியில் ஒன்றில் பாலைத் தீர்மானிக்கும் மாற்றம் ஒன்று தற்செயலாக ஏற்பட்டதும், அந்தப் பகுதியில் சோடியின் இரண்டும் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வது படிப்படியாக நின்றுவிடுகிறது. துணையின்றித் தனித்துப்போன நிறமூர்த்தம் காலப்போக்கில் தன் அலகுகளை இழந்து சுருங்குகிறது. மனிதருடைய வை அவ்வாறு தேய்ந்துபோன ஒன்று: எக்ஸில் புரதங்களை உருவாக்கும் எண்ணூறுக்கு மேற்பட்ட அலகுகள் இருக்க, வையில் சுமார் நூறுதான் எஞ்சியுள்ளன. ஈமு என்னும் பெரிய பறவையிலோ இசட்டும் டபிள்யூவும் இன்றும் பெரிதாக வேறுபடாமல் இருக்கின்றன. ஒவ்வொரு குலமும் தன் தன் காலத்தில், தனக்குக் கிடைத்த சோடியில் இதைத் தொடங்கியதால் முறைகள் பல. எனினும் மேலே ஆளி எந்தச் சுவரில் பூட்டப்பட்டிருந்தாலும் கீழே ஓடும் கம்பிகள் பல இடங்களில் ஒன்றே. கோழியில் முடிவெடுக்கும் டிஎம்ஆர்டி1 இன் உறவுக்காரர்களே பழ ஈயிலும் மனிதரிலும் அந்த முடிவை நிறைவேற்றும் பணியில் இருக்கின்றனர்.

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வருடம் முட்டையிட்ட பேடு ஒன்று, முட்டையை நிறுத்திக் கொண்டை சிவந்து, விடியற்காலையில் கூவத் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு ஆகாது, அறுத்துவிடுங்கள் என்கிறார் அம்மம்மா. அது உண்மையில் சேவலாகிவிட்டதா? குஞ்சு வாங்கும்போது பேட்டை எப்படி இனங்காண்பது என்பதையும் கூறுவீர்களா?
– வாசகர், உடுப்பிட்டி

பதில்: பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்ற பழமொழியை உங்கள் கோழி கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. அதனால் வீட்டுக்கு ஒரு கேடும் வராது என்று அம்மம்மாவிடம் பணிவோடு சொல்லுங்கள்.

பேட்டுக்கு இரண்டு சூலகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இடது பக்கத்துச் சூலகம் மட்டுமே வளர்ந்து தொழிற்படுகிறது. வலது பக்கத்தில் வளர்ச்சி குன்றிய ஒரு சிறு திசு மட்டும் கிடக்கிறது. இடது சூலகம் கட்டியினாலோ தொற்றினாலோ கெட்டுப்போனால், அது சுரந்துகொண்டிருந்த பெண் ஓமோன் குறைந்துவிடுகிறது. உடனே வலப்பக்கத்துத் திசு விழித்துக்கொண்டு விதையைப் போல வளர்ந்து ஆண் ஓமோனைச் சுரக்கத் தொடங்கலாம். கொண்டை பெரிதாகிறது, காலில் முள் வளர்கிறது, கூவல் வருகிறது. அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போது வாலில் வளைந்த நீண்ட இறகுகளும் வரக்கூடும். ஏனென்றால் கோழியினத்தில் பெண் ஓமோன் இல்லாதபோது தானாக முளைப்பது சேவலின் பகட்டான இறகுதான். இத்தனைக்கும் அதன் ஒவ்வொரு கலத்திலும் இருப்பது முன்பிருந்த அதே இசட்டும் டபிள்யூவும்தான். தோற்றத்தில் சேவல், நிறமூர்த்தத்தில் பேடு. அது வேறொரு பேட்டை மிதித்துக் குஞ்சு பொரிக்கச் செய்யும் என எதிர்பார்க்க வேண்டாம்.

இவ்வகைக் கோழிகள் மனிதரை மருட்டியது நம்மூரில் மட்டுமல்ல. 1474 இல் சுவிற்சர்லாந்தின் பாசெல் நகரில், முட்டையிட்ட குற்றத்துக்காக ஒரு 'சேவலை' விசாரித்து எரித்தே விட்டார்கள். அது பெரும்பாலும் உங்கள் வீட்டுக் கோழியைப் போன்ற ஒரு பேடாகவே இருந்திருக்கும்.

ஆயினும் கோழியில் எல்லாம் ஓமோனின் செயல் என்றும் எண்ணிவிடக்கூடாது. உடலின் ஒரு பாதி சேவலாகவும் மறுபாதி பேடாகவும் பிறந்த கோழிகளை ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் ஆராய்ந்து 2010 இல் வெளியிட்டார்கள். இரு பாதியிலும் ஓடுவது ஒரே இரத்தம், ஒரே ஓமோன்கள். எனினும் ஒருபக்கக் கொண்டைத்தாடியும் மார்புத்தசையும் சேவலுக்குரிய அளவில் இருந்தன. அந்தப் பக்கத்துக் கலங்களில் பெரும்பான்மையானவை இரண்டு இசட் கொண்டவை, மறுபக்கத்தவை பெரும்பாலும் இசட்டும் டபிள்யூவும் கொண்டவை. பறவையின் கலங்கள் தாம் எந்தப் பால் என்பதை ஓரளவு தாமே அறிந்திருக்கின்றன என்று இதிலிருந்து விளங்கியது.

குஞ்சு வாங்கும் விடயத்தில் நிறமூர்த்தம் உங்களுக்கு நேரடியாகவே உதவும். கபில நிற முட்டையிடும் கலப்பினக் கோழிகள் பலவற்றை, பொன்னிறச் சேவலையும் வெள்ளிநிறப் பேட்டையும் சேர்த்தே உருவாக்குகிறார்கள். நிறத்தைத் தரும் அலகு இசட்டில் உள்ளது. பெண் குஞ்சு தன் ஒரேயொரு இசட்டைத் தந்தையிடமிருந்தே பெறுவதால் கபிலமாகப் பொரிக்கிறது. ஆண் குஞ்சு தாயின் இசட்டையும் பெறுவதால், மேலோங்கி நிற்கும் வெள்ளிநிறம் வெளிப்பட்டு வெளிர்மஞ்சளாகப் பொரிக்கிறது. பொரித்த அன்றே நிறத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம். ஊர்க்கோழிக்கு இந்த வழி செல்லாது. அதற்குப் பொறுமை ஒன்றே வழி.

கேள்வி: எனது மகளுக்கு மூன்றும் பெண்பிள்ளைகள். சம்பந்திவீட்டார் மகளைக் குறைசொல்கிறார்கள். விஞ்ஞானம் என்ன சொல்கிறது?
– தாய், கோண்டாவில்

பதில்: தாயின் முட்டை ஒவ்வொன்றிலும் இருப்பது எக்ஸ் மட்டுமே. எக்ஸையோ வையையோ கொண்டுவருவது தந்தையின் விந்து. ஆகவே பொறுப்பென்று ஒன்றைச் சுமத்தியே தீர வேண்டுமென்றால் அது உங்கள் மருமகன் பக்கமே விழும். ஆனால் அவரையும் குறை சொல்ல இடமில்லை. விந்துகளில் ஏறக்குறையப் பாதி எக்ஸும் பாதி வையும் உடையவை, எது முந்துகிறது என்பது அவர் கையில் இல்லை. மூன்று பெண்களின் பின் நான்காவது ஆணாகத்தான் வரும் என்றோ, பெண்ணாகத்தான் வரும் என்றோ கணக்குப் போடுவதும் வீண். உலக அளவில் 100 பெண்பிள்ளைகளுக்குச் சுமார் 105 ஆண்பிள்ளைகள் பிறக்கின்றனர் என்பதற்கு மேல் யாரும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. கோழி வளர்ப்போருக்கு ஒரு சொல்: அங்கே தாயின் முட்டைதான் தீர்மானிக்கிறது, ஆனால் பேட்டை எவரும் குறைசொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கேள்வி: எங்கள் பசு ஒரே ஈற்றில் ஒரு நாம்பன் கன்றும் ஒரு நாகு கன்றும் ஈன்றது. நாகு சினைப்படாது, விற்றுவிடு என்கிறார்கள். அது உண்மையா? செயற்கை முறைச் சினைப்படுத்தலில் பசுக்கன்று மட்டும் பிறக்கச் செய்யலாமா?
– விவசாயி, அச்சுவேலி

பதில்: ஊரார் சொல்வது இம்முறை பெரும்பாலும் உண்மை. நாம்பனோடு இரட்டையாகப் பிறக்கும் நாகுகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் மலடாகவே இருக்கும். மாட்டின் வயிற்றில் இரட்டைக் கன்றுகளின் நச்சுக்கொடிகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டி இரத்தக் குழாய்கள் இணைந்துவிடுகின்றன. நாம்பன் முளையத்தின் விதை முன்னதாகவே உருவாகிச் சுரக்கும் ஓமோன்கள் அந்தக் குழாய்களின் வழியே நாகின் உடலுக்குள் போய், கருப்பையாக வளர வேண்டிய பகுதியையும் சூலகத்தையும் வளரவிடாமல் தடுக்கின்றன. 1916 இல் ஃபிராங்க் லில்லி என்பவர் இதை விளக்கியபோது, பாலூட்டிகளில் ஓமோன்களின் பங்கு பற்றிய ஆய்வுக்கே அது கதவு திறந்தது. அந்த நாகின் கலங்கள் இரண்டு எக்ஸ் உடையவை. இரத்தத்தில் மட்டும் தம்பியிடமிருந்து வந்த வை உடைய கலங்களும் கலந்து திரியும். மிருக வைத்தியரிடம் காட்டினால், யோனிக்குழாயின் நீளத்தை அளந்து பார்த்தோ இரத்தத்தைச் சோதித்தோ உறுதி செய்வார். சோதிக்காமல் விற்றுவிட வேண்டாம். தப்பிய அந்தப் பத்தில் ஒன்றாகவும் உங்கள் நாகு இருக்கலாம். நாம்பனுக்கு வழக்கமாகப் பெரிய பாதிப்பு இல்லை.

இரண்டாவது கேள்விக்கு விடை ஆம் என்பதே. மாட்டின் எக்ஸ் நிறமூர்த்தம் வையைவிடப் பெரிது என்பதால், எக்ஸைச் சுமக்கும் விந்தில் டிஎன்ஏ சுமார் 4 வீதம் அதிகம். விந்துகளை ஒளிரும் சாயத்தில் தோய்த்து, ஒவ்வொன்றாக லேசர் ஒளிக்கு முன்னே ஓடவிட்டு, அதிகமாக ஒளிர்வதை ஒருபக்கமும் குறைவாக ஒளிர்வதை மறுபக்கமும் பிரிக்கிறார்கள். அவ்வாறு பிரித்த விந்தைப் பயன்படுத்தினால் பத்தில் ஒன்பது பசுக்கன்றாக இருக்கும். சாதாரண விந்தைவிட விலை கூடுதலாகவும் சினைப்படும் வாய்ப்புச் சற்றுக் குறைவாகவும் இருப்பதால், முதற்சினைக்கு வரும் நல்ல நாகுகளுக்கே இதைப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம்.

கேள்வி: வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என மூன்று நிறங்களும் உள்ள பூனை எப்போதும் பெட்டையாகவே இருப்பது ஏன்?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: கறுப்பா செம்மஞ்சளா என்பதை முடிவு செய்யும் பரம்பரையலகு எக்ஸில் உள்ளது. கடுவன் பூனைக்கு எக்ஸ் ஒன்றே என்பதால் அது இரண்டில் ஒரு நிறத்தைத்தான் காட்ட முடியும். பெட்டைக்கு இரண்டு உண்டு. எனினும் பாலூட்டிகளின் பெண் உடலில் ஒவ்வொரு கலமும் முளைய நிலையிலேயே தன் இரண்டு எக்ஸ்களில் ஒன்றை உறங்கவைத்துவிடுகிறது என்று 1961 இல் மேரி லயன் கூறினார். உறங்கும் எக்ஸ் ஒரு கரும்புள்ளியாகச் சுருண்டு கிடப்பதை 1949 இலேயே பூனையின் நரம்புக் கலங்களில் மரே பார் என்பவர் கண்டிருந்தார். எந்தக் கலத்தில் எந்த எக்ஸ் உறங்கியது என்பதைப் பொறுத்தே ஒரு திட்டு கறுப்பாகவும் மறுதிட்டு செம்மஞ்சளாகவும் அமைகிறது. வெள்ளை நிறம் வேறொரு நிறமூர்த்தத்தின் வேலை. 2001 இன் இறுதியில் டெக்சாஸில் இத்தகைய மூவர்ணப் பூனை ஒன்றின் கலத்திலிருந்து பிரதி எடுத்துப் பிறப்பித்த குட்டியில் செம்மஞ்சளே இருக்கவில்லை. பரம்பரையலகுகள் ஒன்றாக இருந்தும் நிறம் ஒத்துவரவில்லை. மூன்று நிறக் கடுவன் எப்போதாவது பிறப்பதுண்டு. அது இரண்டு எக்ஸோடு ஒரு வையும் பெற்றதாகவும் பெரும்பாலும் மலடாகவும் இருக்கும்.

கேள்வி: ஆண் தேனீக்குத் தகப்பன் இல்லை என்பது மெய்யா?
– தேனீ வளர்ப்பவர், அளவெட்டி

பதில்: மெய்தான். இராணி விந்து சேர்த்து இடும் முட்டையிலிருந்து 32 நிறமூர்த்தங்கள் உடைய பெண் தேனீயும், சேர்க்காமல் இடும் முட்டையிலிருந்து 16 மட்டும் உடைய ஆண் தேனீயும் வருகின்றன. போலந்து வம்சத்துக் கத்தோலிக்கக் குருவான ஜான் ஜியர்சோன் 1845 இல் இதை எடுத்துரைத்தார். ஆண் தேனீக்குத் தகப்பன் இல்லை. ஆனால் தாயின் வழியில் பாட்டன் உண்டு.

உங்களுக்குப் பயன்படும் செய்தி இதன் அடுத்த பகுதியில் இருக்கிறது. தேனீக்குப் பால் நிறமூர்த்தம் கிடையாது. ஒரு பரம்பரையலகின் இரு பிரதிகளும் வேறுபட்டிருந்தால் பெண், ஒன்றுபோலவோ ஒற்றையாகவோ இருந்தால் ஆண் என்று 2003 இல் கண்டறியப்பட்டது. நெருங்கிய உறவுக் கூடுகளுக்குள்ளேயே இராணி சேர்ந்துகொண்டிருந்தால், விந்து சேர்ந்த முட்டைகளிலும் இரு பிரதிகள் ஒன்றாகிப் பயனற்ற ஆண் புழுக்கள் தோன்றும். அவற்றை வேலைக்காரத் தேனீக்கள் பொரித்தவுடனேயே தின்றுவிடுவதால், புழு அடையில் இடையிடையே வெற்று அறைகள் தெரியும். அப்படித் தெரிந்தால் தொலைவிலிருந்து வேறொரு கூட்டத்தைக் கொண்டுவந்து வையுங்கள்.

கேள்வி: பெரிய கொடுவா எதை வெட்டினாலும் சினைதான் இருக்கிறது. ஆண் கொடுவா எங்கே போகிறது?
– கடற்றொழிலாளி, குருநகர்

பதில்: எங்கும் போகவில்லை, அதுதான் பெண்ணாகிவிட்டது. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் விந்து கொடுத்த பின், உடல் பெருத்ததும் பெண்ணாக மாறுகிறது. கலவாயில் இதற்கு மறுவளம்: சிறியவை பெண், பெரியவை ஆண். இவற்றின் பாலை நிறமூர்த்தம் கட்டிவைப்பதில்லை. பண்ணைகளில் வளர்க்கும் திலாப்பியாவில் நிறமூர்த்தம் உண்டு. ஆனால் அதன் ஓர் இனத்தில் எக்ஸ்-வை முறையும் நெருங்கிய மற்றோர் இனத்தில் இசட்-டபிள்யூ முறையும் இருப்பதால், தக்க இரண்டைக் கலந்தால் குஞ்சுகள் முழுவதும் ஆணாகவே வரும். இதை 1960 இல் மலாக்காவில் ஹிக்ளிங் என்பவர் செய்துகாட்டினார்.

வன்னிக் குளங்களின் முதலைக்கோ பால் நிறமூர்த்தமே கிடையாது. முட்டை புதைந்திருக்கும் மண் 28 முதல் 31 பாகை செல்சியஸ் வரை இருந்தால் குஞ்சுகள் பெண், 32.5 பாகையளவில் ஆண். கடலாமையில் இது எதிர்த்திசையில் நடக்கிறது: சுமார் 29 பாகைக்கு மேலே சூடேறச் சூடேறப் பெண்கள் பெருகும். அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதிக் கடற்கரைகளில் பொரித்த இளம் பச்சை ஆமைகளில் 99 வீதத்துக்கு மேல் பெண்ணாக இருந்ததை 2018 இல் அறிவித்தார்கள். அதே நாட்டின் தாடி ஓணானில் இரு முறைகளும் ஒன்றாகவே இயங்குகின்றன. அதற்கு இசட்டும் டபிள்யூவும் உண்டு. எனினும் முட்டை 32 பாகைக்கு மேல் சூடானால் இரண்டு இசட் உடைய ஆண் குஞ்சுகளும் பெண்ணாகிவிடுகின்றன. அப்படிப்பட்ட பெண்கள் சாதாரண ஆண்களோடு சேர்ந்து இடும் முட்டைகளில் டபிள்யூவே இல்லாததால், அடுத்த தலைமுறையின் பாலைத் தீர்மானிக்கச் சூடு ஒன்றே எஞ்சுகிறது.

கொடுவாவுக்குத் திரும்பினால், பெரிய மீனுக்கு நல்ல விலை கிடைக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பெரியவற்றையே தேடிப் பிடிக்கும்போது நீங்கள் பிடிப்பது முட்டையிடும் தாய்களையே. அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கொடுவாவைப் பிடிக்கக்கூடாது என்பதோடு, 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதையும் கடலில் திரும்ப விட்டுவிட வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பது இதனால்தான்.